டீஃபால்ட் டிஎன்எஸ் சர்வர்: வேகத்தை அளந்து என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இயங்குதளத்தோடு எந்த டிஎன்எஸ் சர்வரை (இணையப் பெயருக்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் நிரல்) சேர்த்துக் கொடுக்கலாம் என்று தங்கள் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரை, நொடிக்கு எத்தனை கேள்விகளுக்கு விடை வருகிறது என்ற ஒரே அளவுகோலால் பைண்ட், அன்பவுண்ட் என்ற இரு டிஎன்எஸ் நிரல்களை எடைபோட்டிருந்தது. மடிக்கணினியும் சிறிய சர்வரும் நொடிக்குச் சில பத்துக் கேள்விகளைத் தாண்டுவதே அரிது. டீஃபால்ட் என்பது எதையும் தேர்ந்தெடுக்காதவருக்காக நாம் செய்யும் தேர்வு. அவர் கட்டமைப்புக் கோப்பைத் திறக்கவே மாட்டார் என்று வைத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டும்.

டிஎன்எஸ் சர்வர் என்ற பெயருக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. தன் பொறுப்பிலுள்ள டொமைன்களைப் பற்றி வெளியுலகுக்கு விடை சொல்வது ஒன்று. உள்ளூர் நிரல்களுக்காக, பெயர் அடுக்கின் உச்சியிலுள்ள ரூட் சர்வரிலிருந்து படிப்படியாக விசாரித்து, விடையை கேஷில் (தற்காலிக நினைவில்) வைத்துத் தருவது மற்றொன்று; இதைச் செய்வது ரிசால்வர். பைண்ட் இரண்டையும் ஒரே நிரலில் செய்கிறது. 2015 ஜூலையில் வெளியான டிகீ என்ற பாதுகாப்புக் குறைபாட்டில் ஒரே ஒரு தரவுப் பாக்கெட் அதை நிறுத்திவிடப் போதுமானதாக இருந்தது. இரண்டு வேலைகளும் சேர்ந்தே விழுந்தன. பெரும்பாலான பயனர்களுக்கு இரண்டாவது வேலை மட்டுமே தேவை. பிஎஸ்டி குடும்ப இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி 2014இல் வந்த 10.0 பதிப்பில் பைண்டை எடுத்துவிட்டு அன்பவுண்டை வைத்தது. அதே குடும்பத்து ஓபன்பிஎஸ்டியில் ரிசால்வருக்கு அன்பவுண்ட், டொமைன் பொறுப்புக்கு என்எஸ்டி என்ற தனி நிரல். இந்தப் பிரிவினைதான் சரி என்பது எங்கள் கருத்து. அதற்காக அன்பவுண்ட் அசைக்க முடியாதது என்று பொருளில்லை; 2024 பிப்ரவரியில் வெளிவந்த கீட்ராப் என்ற குறைபாட்டில் பைண்டோடு அதுவும் மாட்டியது.

டிஎன்எஸ்மாஸ்க் என்ற மற்றொரு நிரல் சிறியது, டிஹெச்சிபியையும் (கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் பணி) கவனித்துக்கொள்ளும். ஆனால் ரூட்டிலிருந்து தானே விசாரிக்காது, மேலே இன்னொரு ரிசால்வர் வேண்டும். நிரலைப் பிறருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் தரச் சொல்லும் அதன் ஜிபிஎல் உரிமம் பிஎஸ்டி குடும்பத்துக்கு ஒத்துவராது.

ஆதரவுக் காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இயங்குதளப் பதிப்புக்கு 5 ஆண்டு வாக்களித்துவிட்டு, உள்ளிருக்கும் சர்வரின் பதிப்புக் கிளைக்கு 4 ஆண்டில் ஆதரவு முடிந்தால், கடைசி ஆண்டின் பாதுகாப்புத் திருத்தங்களை இயங்குதளக்காரர்களே பழைய நிரலுக்குள் கொண்டுபோய் ஒட்ட வேண்டியிருக்கும்.

உண்மையான தலைவலி, விடை போலியல்ல என்று டிஜிட்டல் கையொப்பத்தால் உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பில் இருக்கிறது. கையொப்பம் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நேரமும் முடிவு நேரமும் உண்டு. பேட்டரிக் கடிகாரம் இல்லாத சிறு கணினிப் பலகை, கடிகாரக் கணக்கு தொடங்கும் 1970இல் விழித்தெழுந்தால் எல்லாக் கையொப்பமும் செல்லாது. எதைக் கேட்டாலும் சர்வ்ஃபெயில் என்ற பிழைதான் வரும். நேரத்தைச் சரிசெய்ய, நேரம் சொல்லும் என்டிபி சர்வரின் முகவரி தேவை, அந்த முகவரி டிஎன்எஸ் வழியாகக் கிடைக்க நேரம் சரியாக இருக்க வேண்டும். சாவி பெட்டிக்குள், பெட்டி பூட்டியிருக்கிறது! என்டிபி கட்டமைப்பில் இரண்டு ஐபி முகவரிகளை நேரடியாகக் கொடுப்பது, அணைக்கும்போது நேரத்தைக் கோப்பில் சேமித்து அடுத்த முறை அங்கிருந்து தொடங்குவது ஆகிய இரண்டில் ஒன்றையாவது இயங்குதளமே செய்து தர வேண்டும்.

இந்தக் கையொப்பங்களுக்கெல்லாம் நம்பிக்கையின் அடிப்படையான ரூட் சாவி 2018 அக்டோபர் 11 அன்று மாறியது, இனியும் மாறும். அன்பவுண்ட் புதிய சாவியைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு பெயர் மாற்றும். ஆகவே சாவிக் கோப்புக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுத்தால் போதாது, அது இருக்கும் அடைவுக்கும் வேண்டும். பேக்கேஜ் செய்பவர்கள் சறுக்கும் இடம் இது.  புதிய சாவியை எழுத முடியாவிட்டால், சாவி மாறிய பிறகு சரிபார்ப்பு நின்றுவிடும்.

சர்வர் கேள்விகளைக் கேட்கும் முகவரியாக, அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1, ::1 இரண்டு மட்டும் போதும். எல்லா முகவரிகளிலும் கேட்கவிட்டு யார் கேட்டாலும் பதில் சொல்ல வைத்தால், போலி முகவரியில் வரும் சிறு கேள்விக்குப் பெரிய விடையை யாரோ ஒருவர் தலையில் கொட்டும் கருவியாக அந்தக் கணினி மாறும். உபுண்டுவில் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற உள்ளூர் டிஎன்எஸ் சேவை ஏற்கெனவே 127.0.0.53இல் டிஎன்எஸ்ஸுக்கான போர்ட் 53ஐப் பிடித்திருக்கும். அதன்மேல் 0.0.0.0இல், அதாவது எல்லா முகவரிகளிலும், கேட்கும் சர்வரை நிறுவினால் முகவரி பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி எழும்பாது. கேட்கும் முகவரியைக் குறிப்பாக எழுதினால் இரண்டும் ஒன்றாக ஓடும்.

அலுவலகத்துக்குள் மட்டும் புழங்கும், ரூட்டில் இல்லாத டொமைன்களும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பில் அடிபடும். அப்படிப் பெயரே இல்லை என்று ரூட் கையொப்பமிட்டுச் சொல்வதால், உள்ளூர் சர்வர் தரும் விடையை அன்பவுண்ட் ஏற்காது. அன்பவுண்ட் கட்டமைப்பில், இந்தப் பெயரைச் சரிபார்க்க வேண்டாம் என்று சொல்லும் டொமைன்-இன்செக்யூர் வரியில் அதைச் சேர்த்தால் சரியாகும். சரிபார்ப்பையே அணைத்துவிட்டு வேலை முடிந்தது என்பவர்கள்தான் அதிகம். கையேட்டின் முதல் பக்கத்திலேயே இந்த வரி இருந்தால் அந்த வழிக்குப் போகமாட்டார்கள்.

இப்படிக்கு,
வலையமைப்பு நிர்வாகப் பணியிலுள்ள வாசகர்கள்