ஐ7 சரி, எந்த ஐ7?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு வீட்டில் கணினிப் பேச்சு தொடங்கிவிடும். படிப்புக்கு என்று பெற்றோர் சொல்வார்கள், பையன் மனதில் சைபர்பங்க் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும். 'ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு' என்று மலிவு விலையில் வரும் கேமிங் கணினி விளம்பரங்கள் இந்த நேரத்தைக் குறிவைத்தே வருகின்றன. அவற்றில் எழுதியிருப்பது பொய்யில்லை. எழுதாமல் விட்டதில்தான் பணம் போகிறது.

ஐ7 என்பது இன்டெல் பிராசசர் வரிசையின் பெயர், அதில் பழசும் உண்டு, புதிதும் உண்டு. ஐ7-2600 வந்தது 2011-ல், ஐ7-3770 வந்தது 2012-ல். இவற்றை எச்61 வகை மதர்போர்டில் மாட்டி, 'போர்டு புதுசு சார்' என்பார்கள். போர்டு புதிதாகவே இருக்கலாம். அது ஏற்பது டிடிஆர்3 என்ற பழைய வகை ராமும் அந்தக் காலத்துப் பிராசசரும்தான். இந்தப் பிராசசர்களில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு கிடையாது என்பதால் சில புதிய விளையாட்டுகள் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக 8-ம் தலைமுறையாவது வேண்டும், இவையோ 2-ம், 3-ம் தலைமுறை. வேலோரன்ட் விளையாட்டை ஆட விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் வேண்டும். 2022-ல் வந்த ஐ3-12100எஃப்-க்கும் இந்தப் பழைய ஐ7-களைப் போலவே நான்கு கோர், எட்டு திரெட்தான். பழைய ஐ7-ஐ அது அநாயாசமாக முந்தும். பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, தனி கார்டு போடாமல் திரையில் படமே வராது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

அந்த '4 ஜிபி கார்டு' பெரும்பாலும் ஜிடி 730. 64 பிட் டிடிஆர்3 வகையாக இருந்தால் அதன் நினைவகம் நொடிக்கு 14.4 ஜிபி வேகத்தில்தான் தரவைக் கொடுக்கும். தொட்டி பெரிது, குழாய் அரை இஞ்ச். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி பிராசசரில் 3200 வேக ராம் இரண்டு போட்டால் அதன் உள்கிராபிக்ஸுக்கே 51.2 ஜிபி கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கார்டைவிடக் கார்டே இல்லாத கணினி நன்றாக ஓடுகிறது என்றால் வேறு என்ன சொல்ல? சைபர்பங்க் 2077-ன் 2.0 பதிப்பு குறைந்தபட்சமாகக் கேட்பதே ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி அல்லது ஆர்எக்ஸ் 580 8 ஜிபி, 12 ஜிபி ராம், எஸ்எஸ்டி.

அந்த ஆர்எக்ஸ் 580-ஐப் பழைய சந்தையில் தேடுவோர் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். ஷேடர் (கார்டுக்குள் படம் வரையும் சிறு அலகுகள்) எண்ணிக்கை 2304 இருந்தால் அசல் 580. 2048 காட்டினால் அதே பெயரில் வந்த குறைந்த வகை. புதிதாக வாங்க முடிந்தவர்களுக்கு 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 நல்ல தேர்வு: நினைவக வேகம் நொடிக்கு 224 ஜிபி, மின்தேவை 132 வாட்.

அதிகம் ஏமாறுவது எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டியில்தான். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெட்டியில் '450 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கவாட்டு லேபிளில் +12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். அங்கே 14 ஆம்பியர் என்றிருந்தால், 12-ஆல் பெருக்கினால் 168 வாட். பிராசசரும் கார்டும் இழுப்பதெல்லாம் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 6600-க்கே 132 போய்விட்டால் பிராசசர் எதில் ஓடும்? விளையாட்டைத் திறக்காதவரை எந்தக் குறையும் தெரியாது. விளையாட்டில் முதல் வெடி வெடித்ததும் திரை இருண்டு கணினி மறுபடி பூட் ஆகும். கார்டு கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிப்போவார்கள், அங்கே விண்டோஸை ஃபார்மட் செய்து கொடுப்பார்கள், கோளாறு அப்படியே இருக்கும். கார்டுக்கு மின்சாரம் தரும் எட்டு முள் இணைப்பு இல்லாத பெட்டியில், மோலக்ஸ் என்ற பழைய நான்கு முள் இணைப்பிலிருந்து மாற்றி போட்டு ஒப்பேற்றினால் பிளாஸ்டிக் உருகலாம். கலர் விளக்கு விசிறிகளுக்குக் கொடுக்கும் காசை 80 பிளஸ் என்ற மின்சிக்கன முத்திரையுள்ள, எட்டு முள் கேபிளோடு வரும் 500 வாட் எஸ்எம்பிஎஸ்-க்குக் கொடுக்கலாம்.

ராம் 16 ஜிபி ஒன்றாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாகக் கேளுங்கள், குழாய் இரண்டாகும். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போடாவிட்டால் 3200 ராம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் வேகமும், எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டு 'கார்டு வேலை செய்யவில்லை' என்று புலம்புவோரும் உண்டு.

சென்னையின் கணினிக் கடைத்தெருவான ரிச்சி தெருவானாலும் இணையமானாலும், பணம் கொடுக்கும் முன் பிராசசர், போர்டு, கார்டு, எஸ்எம்பிஎஸ் நான்குக்கும் முழு மாடல் எண்ணை ஜிஎஸ்டி பில்லில் எழுதச் சொல்லுங்கள். 'பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்' என்ற பேச்சில் குறைவது 18 சதவீத வரி மட்டுமல்ல, வாரன்டியும்தான். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். விளையாடும்போது கணினியும் மானிட்டரும் சேர்ந்து அதை நெருங்கினால் கரண்ட் போன நொடியிலேயே அதுவும் அணைந்துவிடும். பழைய பேட்டரி என்றால் கேட்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை