டொடோமா சந்தைக்குப் போற நாள்

டொடோமா, தான்சானியா

அம்மாவுக்கு,

வீட்டில் எல்லாரும் நல்லா இருக்கீங்களா? இங்கே சுகம். போன தடவை போனில், "சாமானெல்லாம் எங்கே வாங்கறே, என்னதான் ஆக்கித் திங்கறே"ன்னு கேட்டீங்க. சொல்லி முடிக்கறதுக்குள்ள லைன் கட் ஆயிடுச்சு. அடுத்த குழுவில் சின்னம்மா பையனும் இங்கே தொண்டு வேலைக்கு வரப்போறான், அதனால விவரமாகவே எழுதறேன். அவனுக்கும் படிக்கக் குடுங்க.

இந்தப் பக்கம் நம்ம காங்கேயம், தாராபுரம் மாதிரி வறக்காடுதான். டிசம்பரில் பிடிச்சா ஏப்ரல் வரைக்கும் மழை, அப்புறம் பொட்டு விழாது. நான் இருக்கற கிராமத்துக் கடையில் உப்பு, சோப்பு, தீப்பெட்டி, சர்க்கரை கிடைக்கும். மத்ததுக்கு டொடோமா டவுன் சந்தைதான். ஃப்ரிட்ஜ் இல்லாததால, பதினைஞ்சு நாள் கெடாம நிக்கற சாமானா பார்த்துத்தான் வாங்கணும்.

முதல்ல மணிக் கணக்கு. இங்கே பொழுது விடிஞ்சதிலிருந்து மணி எண்ணறாங்க. நம்ம காலை 7 மணி இவங்க சுவாஹிலி பாஷையில் 'சா மோஜா', அதாவது ஒரு மணி. "வண்டி ஒரு மணிக்கு"ன்னா மத்தியானம்னு நினைச்சுப் போனா, வண்டி போய் ஆறு மணி நேரம் ஆகியிருக்கும். சொல்ற மணியோட 6 கூட்டிக்கணும். வண்டிக்கு 'டாலாடாலா'ன்னு பேர், நம்ம மினி பஸ்தான். மூட்டைக்குத் தனிக் காசு கேப்பாங்க. அதை ஏத்தறதுக்கு முன்னாலயே பேசிடணும், ஏத்தின பிறகு பேச்சு எடுபடாது.

மஞ்சப்பை நாலு கட்டாயம் வேணும். நம்மூரில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1, இங்கே அதே வருஷம் ஜூன் 1. வெளிநாட்டிலிருந்து வர்றவங்களும் கேரி பேக் கொண்டு வரக்கூடாது, தம்பி பெட்டி கட்டும்போது ஞாபகம் வெச்சுக்கட்டும். பெரிய நோட்டு 10,000 ஷில்லிங். அதைத் தக்காளிக் கடையில் நீட்டினா சில்லறை தேடியே அரை நாள் போயிடும். முதல்ல எண்ணெய்க் கடையில் மாத்திக்கணும்.

விலை கேக்கறதுக்கு முன்னால கும்பிடு போடணும். பெரியவங்களா இருந்தா 'ஷிக்காமோ'ன்னு சொல்லணும், அவங்க 'மரஹபா'ம்பாங்க. அதுக்கு அப்புறம்தான் 'பெய் கானி', என்ன விலைன்னு. வந்ததும் வராததுமா விலை கேட்டா, நம்ம வீட்டுக்கு வந்த ஒறம்பரையை வாங்கன்னு கூப்பிடாத மாதிரி எடுத்துக்குவாங்க.

தானியம் எடையிலும் உண்டு, அளவையிலும் உண்டு. நம்ம வள்ளம் மாதிரி இங்கே 'சாடோ', நாலு லிட்டர் பெயின்ட் டின். 20 லிட்டர் டின்னுக்கு 'தேபே'ன்னு பேர். டின்னோட அடியைத் தடவிப் பார்க்கணும். உள்பக்கமா தட்டி வெச்சிருந்தா கைப்பிடிக் கணக்கில் குறையும். தக்காளி, வெங்காயமெல்லாம் கூறு கட்டி வெச்சிருப்பாங்க, 'ஃபுங்கு'. முன்னால இருக்கறது பளபளன்னு இருக்கும், பின்னால கை விட்டுப் பார்க்கணும்.

அரிசி கேக்கறப்ப ஒரு சௌகரியம். இங்கிலீஷில் எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதான், இவங்களுக்கு நம்மள மாதிரியே மூணு: நெல்லுக்கு ம்புங்கா, அரிசிக்கு ம்ச்செலே, சோத்துக்கு வாலி. கடையில் போய் வாலி கேட்டா ஓட்டலுக்கு வழி காட்டுவாங்க. கிடைக்கறது பச்சரிசிதான், இட்லிக்குச் சரிப்படாது. இட்லியைத் தேடி அலையறதே வீண்ங்கறது என் அபிப்பிராயம். அமுச்சி காலத்துச் சாப்பாடு பூராவும் இங்கே குவிஞ்சு கிடக்குது. ராகிக்கு உலேஸி, கம்புக்கு உவேலே, சோளத்துக்கு ம்தாமா, தட்டப்பயிறுக்குக் குண்டே, பச்சைப்பயிறுக்கு ச்சோரோக்கோ. புளி கூட உண்டு, உக்வாஜு. கொள்ளு மட்டும் கண்ணில் படல.

ராகியில் பொடி மண் இருக்கும். அகலமான பாத்திரத்தில் தண்ணி விட்டு மூணு தரம் அரிச்சு, ஒரு நாள் வெயில்ல காயப்போட்டுத்தான் மில்லுக்குக் கொண்டு போகணும். ஈரம் இருந்தா கல்லில் அப்பிக்கும். நமக்கு முன்னால மக்காச்சோளம் அரைச்சிருந்தா முதல் கிலோவில் அதுதான் கலந்து வரும், அதைத் தனியா வாங்கிக் கூழுக்கு வெச்சுக்கலாம். மக்காச்சோள மாவில் ரெண்டு வகை. செம்பேங்கறது தோலும் முளையும் நீக்கினது, நாள்பட நிக்கும். டோனா முழுசா அரைச்சது, சத்து அதுலதான், ஆனா முளையில் எண்ணெய் இருக்கறதால சீக்கிரம் சிக்கு வாடை வந்துடும். டோனா ரெண்டு கிலோவுக்கு மேல வாங்கக்கூடாது.

கடலைக்காயும் மக்காச்சோளமும் பார்த்து வாங்கணும். ஈரத்தோட கட்டி வெச்சா பூஞ்சணம் பிடிச்சு அஃப்ளாடாக்ஸின் விஷம் ஏறும். வறுத்தாலும் வேக வெச்சாலும் அது முழுசாப் போகாது. 2016ல் இதே டொடோமா பக்கம் இதால உயிரே போயிருக்குது. சுருங்கினது, நிறம் மாறினது, கசக்கறது எதையும் சேர்க்கக்கூடாது.

துவரை முழுசாத்தான் கிடைக்கும், ம்பாஸி. ராத்திரி பூராவும் ஊறணும். ஊர் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கறதால தண்ணி 96 டிகிரியிலேயே கொதிச்சுடுது, கிணத்துத் தண்ணியும் உப்பு. சட்டியில் வெச்சா விறகு தீர்ந்தாலும் பருப்பு விரைப்பாத்தான் இருக்கும். குக்கர் இருந்தா அரிசியும் பருப்பும் நம்ம வீட்டு ருசிக்கே வந்துடும்.

எண்ணெய் சூரியகாந்தி, இந்தப் பக்கமே ஆட்டறது. கலங்கலா இருந்தா ரெண்டு நாள் அசைக்காம வெச்சு மேலாக இறுத்துக்கணும், இல்லைன்னா காயும்போது நுரைச்சு வழியும். கனமான சாமானை முதல்ல வாங்கி எண்ணெய்க் கடையிலயே வெச்சுட்டு, தக்காளியும் முட்டையும் கடைசியா வாங்கணும். தக்காளி பாதி செங்காயா, பையில் இல்லாம வாளியில். முட்டைத் தட்டு மடியிலதான் வரணும். கீரை டவுனில் வாங்கவே வேண்டாம், கிராமத்திலேயே தண்டுக்கீரை மாதிரி ம்ச்சிச்சா தினமும் கிடைக்கும்.

தம்பி மஞ்சள் தூள் கொண்டு வர வேண்டாம், இங்கே உண்டு. பெருங்காயமும், அஞ்சு லிட்டர் குக்கருக்கு ரப்பர் கேஸ்கெட் ரெண்டும், சேஃப்டி வால்வு ஒண்ணும் குடுத்து விடுங்க. குக்கர் எந்தக் கம்பெனின்னு அவனுக்குத் தனியா எழுதறேன், மாத்தி வாங்கிட்டா பொருந்தாது.

அன்புடன்,
உங்க மகள்