கருமாதிக்குப் பிறகும் அந்த வீட்டுப் பக்கம் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பெரிய நாங்கள் விடுவதில்லை. மரண உதவிச் சங்கம் கதிரையும் கூடாரமும் கொண்டுவரும். லயம் என்ற எங்கள் வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராக்களிலிருந்து சோறு வரும். கருமாதியோடு எல்லாம் ஓய்ந்துவிடும். உடம்பு தளர்வதோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

கணவனையோ மனைவியையோ பறிகொடுத்த 26 பேரின் இரத்தத்தை அவுஸ்திரேலிய மருத்துவர்கள் சோதித்து, 1977இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். நோய்க்கிருமியோடு போராடும் வெள்ளணுக்களின் வேகம் இரண்டாவது வாரத்தில் அவ்வளவாகக் குறையவில்லை. ஆறாவது வாரத்தில் தெளிவாகக் குறைந்திருந்தது. ஆறாவது வாரத்தில் நம்மில் யார் துக்க வீட்டுக்குப் போகிறோம்?

எங்கள் பக்கத்தில் கணவரை இழந்த ஒரு பெண் சீக்கிரமே கொழுந்து பறிக்கத் திரும்பிவிட்டார். வேலைக்கு வந்ததாகப் பேர் விழாவிட்டால் சம்பளமில்லையே. கணுக்காலில் அட்டை கடித்த இடம் சொறிந்து புண்ணாகி, மழைக்காலம் முழுவதும் ஆறவில்லை. சளியும் விட்டபாடில்லை. மருந்தகத்தில் களிம்பும் பனடோலும் கொடுத்தார்கள். லயத்தில் செய்வினை என்றார்கள். இரவில் தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. 1995இல் அமெரிக்காவில், மறதிநோய் கண்ட உறவினரை மன அழுத்தத்தோடு பராமரித்துவந்த பெண்களுக்குச் சிறு காயம் ஆற மற்றவர்களைவிட ஏறக்குறைய 9 நாள் கூடுதலாகப் பிடித்ததை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

ஆறாத புண்ணுக்கெல்லாம் மனக்கவலைதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. சீனி வியாதியா என்று முதலில் இரத்தத்தைப் பார்க்க வேண்டும்; இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளியையும் சோதிக்க வேண்டும். ஆனால் துக்கம் முற்றி மனச்சோர்வாகிவிட்டால், தூக்கமும் பசியும் போய், பலருக்கு உடம்பின் உள்ளே அழற்சியும் கூடுகிறது. அதற்கும் மருத்துவம் உண்டு. மனநலம் என்றதுமே 'அங்கொடைக்கு அனுப்பவா?' என்று கேலி பேசுகிறவர்களால்தான் பலர் வைத்தியசாலைப் பக்கமே போவதில்லை. அதே அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம்.

தாய்மாரையும் குழந்தைகளையும் பார்க்க லயத்துக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தர், சாவு நடந்த வீட்டையும் ஒன்றரை மாதம் கழித்து ஒருமுறை எட்டிப்பார்க்கட்டும். மரண உதவிச் சங்கங்களும் தங்கள் சந்தாவில் ஒரு பங்கை அந்த வாரத்துக்கென்று ஒதுக்கிவைக்கலாம். அரிசி, பருப்பு, இரண்டு முட்டை போதும்; கூடாரத்துக்கு ஆகும் செலவில் பாதிகூட வராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை,
பொகவந்தலாவை