விளையாட்டு முற்றத்தில் எங்களோடு நின்றவர்களுக்கு

அன்புக்குரிய பெற்றோர்களுக்கும், பாட்டன் பாட்டிமாருக்கும், ஆசிரியர்களுக்கும், பணியாளர்களுக்கும், எல்லோரையும்விட முதலாவதாக எங்கள் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

செப்டெம்பரில் பாடசாலை தொடங்கிய நாள் முதல் நவம்பரில் கொடுமைப்படுத்தல் தடுப்பு வாரம் முடியும்வரை, கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் உள்ள எங்கள் பாடசாலையின் இலையுதிர்கால நிகழ்ச்சிகளுக்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் பெற்றோர் மன்றத்தின் சார்பில் நன்றி கூறவே இந்த மடலை எழுதுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் இப்படி ஒரு மடல் எழுதப்படுவதும், நிதி சேர்த்தவர்கள், பலகாரம் செய்து தந்தவர்கள், கதிரை அடுக்கியவர்கள் ஆகியோரை அதில் நினைவுகூர்வதும் வழக்கம். அவர்களுக்கு இந்த ஆண்டும் எங்கள் மனம் நிறைந்த நன்றி உண்டு. என்றாலும், இந்த மூன்று மாதங்களில் எங்கள் பிள்ளைகளின் இடைவேளை நேரமே மாறியிருக்கிறது. அது யார் யாரால் மாறியது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லாமல் விட்டால் நான் கடன்பட்டவளாகிவிடுவேன்.

2012 ஆம் ஆண்டு எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் நிறைவேறிய சட்டத்தின்படி, பாடசாலையில் பிள்ளைகள் தங்களைப் பாதுகாப்பாக உணர்கிறார்களா என்று இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் பணியாளர்களிடமும் கேட்டறிய வேண்டும். எங்கள் பாடசாலையில் அந்தக் கேள்விக்கொத்துப் போன வசந்தகாலத்தில் வீட்டுக்கு வந்தது. அதைத் தமிழிலும் உருதுவிலும் தகாலொக்கிலும் குஜராத்தியிலும் மொழிபெயர்த்து, வாசிக்கச் சிரமப்பட்டவர்களுக்குத் தொலைபேசியில் ஒவ்வொரு கேள்வியாக வாசித்தும் காட்டிய பெற்றோர்களுக்கு முதல் நன்றி. அவர்கள் இல்லாவிட்டால் ஆங்கிலம் சரளமாக வரும் வீடுகளின் பதில்கள் மட்டுமே எங்களுக்குக் கிடைத்திருக்கும். அந்த வீடுகளின் பிள்ளைகளே எங்கள் முற்றத்தில் ஓரளவு பத்திரமாக இருந்தவர்கள்.

பாதுகாப்பான பாடசாலைக் குழுவின் தலைவியாக இருக்கும் ஆசிரியை, செப்டெம்பர் இரண்டாவது வாரத்தில் பாடசாலை வளாகத்தின் வரைபடம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு வகுப்பு வகுப்பாகக் கொண்டுசென்றார். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்களுக்குப் பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் பொட்டு ஒன்றையும், நிம்மதியாக இருக்கும் இடத்தில் பச்சைப் பொட்டு ஒன்றையும் ஒட்ட வேண்டும். பெயர் எழுத வேண்டியதில்லை. எல்லா வகுப்புகளும் முடிந்த பின்னர் அந்தத் தாளை மன்றக் கூட்டத்துக்கு எடுத்துவந்து மேசையில் விரித்தபோது எவரும் பேசவில்லை. உடற்பயிற்சிக் கூடத்துக்கு அருகே உள்ள கழிவறையில் ஒரு கொத்து, பள்ளிப் பேருந்துக்கு வரிசையில் நிற்கும் இடத்தில் ஒரு கொத்து, போட்டபிள் எனப்படும் தற்காலிகத் தனி வகுப்பறைகளுக்கும் வேலிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய புல்நிலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டுத் தடித்துப்போன சிவப்பு. அந்தப் புல்நிலம் அலுவலகத்தின் யன்னலிலிருந்து தெரியாது. மதிய உணவு மேற்பார்வையாளர்கள் நிற்கும் இடத்திலிருந்தும் தெரியாது. நாங்கள் பெரியவர்கள் பார்க்காத இடம் எது என்பதைப் பிள்ளைகள் மிகத் துல்லியமாக அறிந்து வைத்திருந்தார்கள்.

அந்த வரைபடத்தைப் பார்த்தபின் யாரும் சாக்குச் சொல்லவில்லை என்பதற்காக எங்கள் அதிபருக்கு நன்றி சொல்கிறேன். அடுத்த திங்கட்கிழமையே மேற்பார்வையாளர்கள் நிற்கும் இடங்கள் மாற்றப்பட்டன. ஆள் போதாமல் இருந்த இடங்களுக்குத் தன்னார்வலர்களைக் கேட்டோம். காவல்துறைச் சான்று பெறுவதற்கு வாரக் கணக்கில் காத்திருந்து, மழையிலும் காற்றிலும் வந்து நின்றவர்களில் பெரும்பாலானோர் பாட்டன் பாட்டிமாரே. அவர்களுள் ஓர் அம்மம்மாவைப் பற்றி மட்டும் சொல்ல அனுமதி தாருங்கள். அவர் ஆங்கிலம் அதிகம் பேசமாட்டார். தடித்த குளிர்ச்சட்டைக்கு மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு, தேநீர்ப் போத்தலோடு போட்டபிள் கட்டடத்தின் மூலையில் நிற்பார். சப்பாத்து நாடா அவிழ்ந்த பிள்ளையைக் கண்டால் குனிந்து கட்டிவிடுவார். சின்னப் பிள்ளைகளின் குளிர்ச்சட்டையில் சிக்கிக்கொண்ட சிப்பை (zip) இழுத்துச் சரிசெய்வார். ஒக்டோபர் நடுப்பகுதியில் அவருக்குத் தடிமன் வந்து இரண்டு நாட்கள் வராமல் இருந்தபோது, முதலாம் வகுப்புப் பிள்ளைகள் அலுவலகத்துக்கே போய் அவரைத் தேடினார்கள். அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

புற்றுநோய் ஆய்வுக்கு நிதி சேர்க்கும் செப்டெம்பர் மாதத்தின் ரெரி ஃபொக்ஸ் ஓட்டத்தையும், செப்டெம்பர் 30 ஆம் திகதி செம்மஞ்சள் சட்டை அணிந்து குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு வதிவிடப் பாடசாலைகளில் துன்புற்ற முதற்குடிப் பிள்ளைகளை நினைவுகூர்ந்த நிகழ்வையும் ஒழுங்குசெய்த ஆசிரியர்களுக்கு நன்றி. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியிடமிருந்து அவளது பாட்டி வாங்கிக் கொடுத்த செம்மஞ்சள் புதுச்சட்டையைப் பறித்த இடமும் ஒரு பாடசாலைதான் என்பதைக் கேட்டு, எங்கள் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் நெடுநேரம் மௌனமாக இருந்ததாக ஆசிரியர் சொன்னார். ஹைலண்ட் கிறீக் ஓடையில் சமன் மீன்கள் எதிர்நீச்சல் போட்டு ஏறும் காட்சியைக் காட்டுவதற்கு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை முதலாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சோடி சேர்த்து அழைத்துச் சென்றதும் பாதுகாப்பான பாடசாலைக் குழுவின் யோசனையே. அன்று கைபிடித்துச் சென்ற சோடிகள் பயணத்தோடு பிரிந்துவிடவில்லை. பேருந்து வரிசையிலும் அதே சோடிகளாக நிற்கத் தொடங்கினார்கள். அதை ஊக்குவித்து, வரிசையைத் தள்ளுமுள்ளு இல்லாமல் ஏற்றிச் சென்ற பேருந்துச் சாரதிக்கும் எங்கள் நன்றி.

இனி, இலை வாரிய நாட்களைப் பற்றி. வேலியோரத்து மேப்பிள் மரங்கள் ஒக்டோபர் கடைசியில் அந்த ஒடுங்கிய புல்நிலத்தை முழங்கால் அளவுக்கு இலையால் நிரப்பிவிடும். வழக்கமாக அதைப் பராமரிப்பாளர் தனியாளாகக் கூட்டி எடுப்பார். இந்த ஆண்டு அவர்தான், "பிள்ளைகளுக்குப் பயமான இடம் என்றால் அங்கேயே அவர்களுக்கு வேலை கொடுங்கள்" என்றார். அயலில் உள்ள கடைக்காரர் ஒருவர் சிறிய இலைவாரிகளையும் பழுப்புக் காகிதப் பைகளையும் பணம் வாங்காமல் தந்தார். இரண்டு வாரங்களுக்கு ஒவ்வொரு மதிய இடைவேளையும், விரும்பிய பிள்ளைகள் அங்கே இலை வாரினார்கள். யாரும் போக விரும்பாத இடத்துக்குப் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு ஓடியதை நான் என் கண்ணால் கண்டேன்.

அந்த நாட்களில் ஒன்றில் நடந்ததைச் சம்பந்தப்பட்ட இரண்டு குடும்பங்களின் சம்மதத்துடனும், பெயர்களைக் குறிப்பிடாமலும் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கம்பளித் தொப்பியை நான்கு பெரிய பையன்கள் பறித்து, அவனுடைய தலைக்கு மேலாக ஒருவருக்கொருவர் எறிந்து விளையாடினார்கள். அவன் நடுவில் நின்று அங்குமிங்கும் துள்ளினான். முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பு நின்றது. சுற்றி நின்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இலைவாரியோடு நேரே அவனிடம் போய், அந்தப் பையன்களை ஏறெடுத்தும் பார்க்காமல், "இந்தப் பையின் வாயைக் கொஞ்சம் பிடி, எனக்குத் தனியாக இலையைப் போட முடியவில்லை" என்று சொன்னாள். அவன் பையைப் பிடித்தான். எறிவதற்குத் தொப்பி இருந்தது, துள்ளுவதற்கு ஆள் இல்லை. தொப்பி இலைக் குவியலில் விழுந்தது. அவள் அதை எடுத்து, ஒட்டியிருந்த இலைத்தூளை முழங்காலில் தட்டி உதறி அவனிடம் கொடுத்தாள். மூலையில் நின்ற மேற்பார்வையாளர் அந்த இடத்தை அடைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த நான்கு பையன்களில் ஒருவன் என்னுடைய மகன்.

அன்று பிற்பகல் வேலையிடத்தில் இருந்தபோது உப அதிபர் என்னை அழைத்தார். நடந்ததை நடந்தபடி கூறினார். என் மகன் சொன்னதையும் கூறினார். அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்பதை விளக்கி, வீட்டில் நான் என்ன செய்தால் உதவியாக இருக்கும் என்று கேட்டார். குற்றம் செய்தவனின் தாய் என்ற தொனி அந்தக் குரலில் ஒரு கணமும் இருக்கவில்லை. மன்றத் தலைவியின் மகன் என்பதற்காக எதையும் மூடி மறைக்கவும் இல்லை. இரண்டுக்கும் நான் அவருக்கு நன்றியுடையவள். வீட்டுக்கு வந்த மகன், "பகிடிக்குத்தானே அம்மா" என்றான். இரண்டு மாதங்களாக இந்த விடயத்தைப் பற்றியே கூட்டங்களில் பேசிவந்த எனக்கு, அந்தச் சொல் எவ்வளவு எளிதாக எங்கள் வீடுகளில் புழங்குகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு அந்தச் சிறுவனின் தாயைச் சந்திக்கப் போனேன். அவர் எங்களை உள்ளே அழைத்து இருக்கச் சொன்னார். "என் மகன் தொப்பியைப் பறித்தவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்றுதான் அழுதான்" என்றார். அவர் எங்களைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பாததற்கும், என் மகனை முகம் பார்த்துப் பேச விட்டதற்கும், சகோதரி, நான் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்தத் தாய் சொன்ன வார்த்தை ஆய்வாளர்கள் கண்டறிந்ததோடு ஒத்துப்போகிறது என்பதைக் குழுத் தலைவியான ஆசிரியை பின்னர் எனக்கு விளக்கினார். யோர்க் பல்கலைக்கழகத்தின் டெப்ரா பெப்லரும் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் வெண்டி கிரெய்க்கும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, ரொறன்ரோ தொடக்கப் பாடசாலைகளின் விளையாட்டு முற்றங்களில் பிள்ளைகளுக்கு ஒலிவாங்கி பொருத்தி, நடப்பதை ஒளிப்பதிவு செய்து பார்த்தார்கள். 2001 இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையில் 306 கொடுமைப்படுத்தல் சம்பவங்கள் ஆராயப்பட்டுள்ளன. அவற்றில் 88 விழுக்காட்டில் வேறு பிள்ளைகள் உடனிருந்தார்கள். 19 விழுக்காட்டில் மட்டுமே அவர்களில் ஒருவர் குறுக்கிட்டார். அப்படிக் குறுக்கிட்டதில் பாதிக்கு மேற்பட்ட தடவைகளில், 57 விழுக்காடு, பத்து விநாடிக்குள் கொடுமை நின்றுவிட்டது. பத்து விநாடி என்பது ஒரு பையில் இலையைப் போட்டு முடிக்கும் நேரம்கூட இல்லை.

நவம்பரின் மூன்றாவது ஞாயிறு தொடங்கும் வாரம் ஒன்ராறியோ முழுவதும் கொடுமைப்படுத்தல் தடுப்பு வாரமாக அனுசரிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் சுவரொட்டி எழுதுவதோடு நின்றுவிடாமல், அந்தப் பத்து விநாடியை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பிள்ளைகளே நடித்துக் காட்டும் பயிற்சியாக எங்கள் ஏழாம் எட்டாம் வகுப்பு மாணவர்கள் அமைத்தார்கள். துன்புறுத்துகிறவரோடு மோத வேண்டாம், துன்பப்படுகிறவரை உங்கள் விளையாட்டுக்குக் கூப்பிடுங்கள் என்பதே அவர்கள் சின்ன வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. நான்காம் வகுப்புச் சிறுமிக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவளிடமிருந்துதான் பெரியவர்கள் கற்றோம். இருவர் சமபலத்தோடு போடும் சண்டைக்கும், பலம் கூடியவர் பலம் குறைந்தவரைத் திரும்பத் திரும்ப நோகடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோருக்கு ஒரு மாலை முழுவதும் பொறுமையாக விளக்கிய ஆசிரியைக்கும், கைத்தொலைபேசியில் நடப்பதும் அதே கணக்கில்தான் சேரும் என்பதை எடுத்துரைத்தவர்களுக்கும் நன்றி. பிள்ளைகள் அழைத்து உதவி கேட்கக்கூடிய, 1989 முதல் இயங்கிவரும் கிட்ஸ் ஹெல்ப் ஃபோன் சேவையின் இலக்கம் 1-800-668-6868 என்பதையும், 686868 க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்பதையும் அட்டையாக அச்சிட்டு ஒவ்வொரு பிள்ளையின் புத்தகப்பையிலும் வைத்த தன்னார்வலர்களுக்கும் நன்றி.

வீதிக் கடவையில் நின்று காலையும் மாலையும் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைப்பவருக்கும், உடற்பயிற்சிக் கூடத்துக்கு அருகே உள்ள கழிவறையின் வெளிக்கதவைத் திறந்தே வைக்க ஏற்பாடு செய்த பராமரிப்பாளருக்கும், நன்றி நவிலும் நாளுக்கு முன்னர் மேற்பார்வையாளர்களுக்குத் தங்கள் கையால் வாழ்த்து அட்டை செய்து கொடுத்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், பறிக்கப்பட்ட தொப்பியோடு மறுநாளும் இலை வார வந்த அந்தச் சிறுவனுக்கும் எங்கள் நன்றி உரித்தாகுக.

கடந்த வாரம் அதே வரைபடத்தை மீண்டும் வகுப்புகளுக்குக் கொண்டுபோனோம். போட்டபிள் கட்டடத்தின் பின்னால் சிவப்பு இன்னும் இருக்கிறது, ஆனால் அதன் நடுவே பச்சைப் பொட்டுகளும் விழுந்திருக்கின்றன. கழிவறையில் மாற்றம் போதாது. பனி கொட்டத் தொடங்கியதும் முற்றத்தின் மறைவிடங்கள் வேறாகிவிடும் என்பதால், சனவரியில் மூன்றாவது தடவையும் பிள்ளைகளிடம் கேட்கவிருக்கிறோம். மாரிகால மேற்பார்வை முறைப்பட்டியல் அலுவலக வாசலில் ஒட்டப்பட்டுள்ளது. அதில் செவ்வாய், வியாழன் மதியங்களுக்கு ஆட்கள் தேவை. அம்மம்மா திங்கள், புதன், வெள்ளி மூன்றுக்கும் தன் பெயரைத் தமிழில் எழுதி வைத்துவிட்டார்.

நன்றியுடன்,
பெற்றோர் மன்றத் தலைவி