ஈசிஎம்மை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பனிலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றிச் செல்லும் என் டீசல் வேன் சென்ற மாதம் உச்சிப்புளி அருகே நின்றுவிட்டது. ஸ்கேனரில் ஒரே நேரத்தில் பல சென்சார்களுக்குப் பிழைக்குறி காட்டியதால், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான ஈசிஎம்தான் பழுது என்று சொல்லி அதை மாற்றினார்கள். மூன்றாம் நாளே வண்டி மறுபடியும் நின்றது.

பிறகு வேறொரு மெக்கானிக், எர்த் வயர் வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் சேரும் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். உப்புக்காற்றும் ஐஸ் உருகிய நீரும் பட்டுப்பட்டு, செம்புக் கம்பி பச்சைப் பொடியாக என் உள்ளங்கையில் உதிர்ந்தது. எர்த் இப்படி அரித்துப்போனாலோ, ஒரு சென்சார் ஷார்ட் ஆகி மற்றவற்றுக்கும் பொதுவாகச் செல்லும் 5 வோல்ட் மின்னழுத்தம் சரிந்தாலோ ஈசிஎம்மே கெட்டதுபோலத் தோன்றக்கூடும் என்பதால், மின்வரத்தையும் எர்த்தையும் மல்டிமீட்டரில் அளக்காமல் பெட்டியை மாற்றுவது முறையன்று. மாற்றியே ஆகவேண்டுமானாலும் அந்த வண்டிக்குரிய மென்பொருள், சாவியின் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) குறியீடு, பல டீசல் வண்டிகளில் என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் எண்கள் ஆகியவற்றையும் பதிய வேண்டும்.

எங்கள் மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்கள் கடலோர மெக்கானிக்குகளுக்கு இதற்கெனக் குறுகியகாலப் பயிற்சி அளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வேன் உரிமையாளர் ஒருவர், பாம்பன்.