ஆண்டறிக்கை 2024–25: வால்தம்ஸ்டோ நாய்ப் பந்தயத் திடல் ஆவணப் பணி

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுத் தீர்மானப்படி, லண்டனின் சிங்ஃபர்டு சாலையில் இருந்த வால்தம்ஸ்டோ நாய்ப் பந்தயத் திடலைப் பற்றிய ஆவணங்களைத் திரட்டி ஒழுங்குபடுத்துவதே கழகத்தின் இந்த ஆண்டுப் பணியாக இருந்தது. திடலின் வரலாற்றைச் சுருக்கமாகப் பதிவுசெய்கிறேன்.

பிரிட்டனில் பொறிமுயலைத் துரத்தும் முறையான பந்தயம் 1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டர் பெல் வியூவில் தொடங்கியது. 1933-இல் புக்கி வில்லியம் சாண்ட்லர் கட்டிய வால்தம்ஸ்டோ திடலை விமானி ஏமி ஜான்சன் திறந்துவைத்தார். 1945 ஜூலையில் இங்கே தேர்தல் உரையாற்ற வந்த சர்ச்சிலைக் கூட்டத்தில் பலர் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். போர் முடிந்த கையோடு நாடெங்கும் பந்தயங்களுக்குக் கூட்டம் அலைமோதியது. ரொக்கம் கட்டிப் பந்தயம் வைக்க வேண்டுமானால் அன்று சட்டப்படி திடலுக்குத்தான் போயாக வேண்டும். 1960 பந்தயச் சட்டத்தின்படி மறு ஆண்டு மே மாதம் தெருவோரப் பந்தயக் கடைகள் திறந்ததும் அந்தக் கட்டாயம் போயிற்று. கூட்டம் குறையக் குறைய, லண்டன் நிலத்தின் விலை ஏற ஏற, வொயிட் சிட்டி (1984), வெம்ப்ளி (1998), கேட்ஃபோர்டு (2003) என்று ஒவ்வொன்றாக மூடினார்கள். நம் திடலின் கடைசிப் பந்தயம் 2008 ஆகஸ்ட் 16. மீட்கப் போராடியவர்களின் முயற்சி பலிக்கவில்லை. 2012-இல் 294 வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது. 2025 ஜனவரியில் கிரேஃபோர்டும் மூடப்பட்டதால், பெருநகர லண்டனில் மிஞ்சியிருப்பது ரோம்ஃபோர்டு ஒன்றுதான்.

திடலின் பாதுகாக்கப்பட்ட முகப்பை யாரும் போய்ப் பார்க்கலாம். ஆனால் பந்தயம் எப்படி நடந்தது என்பதை அந்தச் சுவர் சொல்லாது. அதைச் சொல்பவை, அன்றைய ஓட்டங்களையும் நாய்களையும் அச்சிட்டுத் தந்த ரேஸ் கார்டுகள். உறுப்பினர்களும் அக்கம்பக்கத்தாரும் கொடுத்த கார்டுகளில் பலவற்றில் மேலட்டை கிழிந்துபோனதால் தேதி இல்லை. காலத்தைக் கணிக்க முதலில் பணத்தைப் பாருங்கள்: ஷில்லிங் இருந்தால் 1971 பிப்ரவரி 15-க்கு முந்தியது. அடுத்துத் தூரம்: கெஜக் கணக்கு என்றால் 1975-க்கு முன், மீட்டர் என்றால் அதற்குப் பின். இங்கே வழக்கமான ஓட்டம் 475 மீட்டர், கிராண்ட் பிரீ என்ற போட்டி 640 மீட்டர்.

நேரத்தைப் படிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கார்டில் 'கோயிங்' என்று தரும் எண், அன்றைய தளத்தின் வேகத்தை நொடியில் நூறில் ஒரு பங்காகக் காட்டும். –20 என்றால் தளம் 0.20 நொடி மந்தம். ஒரு நாய் 29.20 நொடியில் ஜெயித்தால், அதைக் கழித்துக் கணக்கிட்ட நேரம் 29.00. தோற்ற நாய்க்கு, பின்தங்கிய ஒவ்வொரு உடல்நீளத்துக்கும் 0.08 நொடி கூட்ட வேண்டும். இரண்டரை நீளம் பின்தங்கியிருந்தால் ஓடிய நேரம் 29.40, கணக்கிட்டது 29.20. இந்தக் கழித்தலைச் செய்யாமல் மழை நாள் நேரத்தையும் வெயில் நாள் நேரத்தையும் ஒப்பிட்டால் முடிவு தவறாகிவிடும்.

தளத்தின் நிலையைப் பொறுத்தே ஓட்டமும் அமையும். மணல் தளத்துக்கு அளவாகத் தண்ணீர் விட்டு, ஓட்டங்களுக்கு இடையே கிளறிச் சமன்படுத்த வேண்டும். காய்ந்தால் மணல் தளர்ந்து வளைவில் கால் வழுக்கும். இடச்சுற்றாகவே ஓடுவதால் வளைவில் முழுப் பாரமும் ஒரே பக்கம் விழுந்து, வலப் பின்கால் கணு எலும்பு முறிவது இந்த நாய்களுக்கு வழக்கமான காயம். பார்வையாளர்கள் மறந்த இந்தப் பாடுகளையும் நம் பதிவில் சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புகைப்படங்களில் நாய்களை அடையாளம் காண மேலங்கி நிறங்கள்: 1 சிவப்பு, 2 நீலம், 3 வெள்ளை, 4 கறுப்பு, 5 ஆரஞ்சு, 6 கறுப்பு–வெள்ளைப் பட்டை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் சிவப்பும் கறுப்பும் ஒன்றுபோல் தெரியும். ஆகவே 1, 4 ஆகியவற்றை மேலங்கியில் உள்ள எண்ணை வைத்து மட்டுமே உறுதிசெய்யுங்கள். எண் மங்கியிருந்தால் ஐயக்குறி போட்டுவிடலாம்.

பாதுகாப்பு பற்றி ஒரு வேண்டுகோள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை இழுக்காமல், அதன் மடிந்த முனைகளை மெல்ல நிமிர்த்திக் கழற்றுங்கள். இழுத்தால் மடிப்போடு தாள் கிழியும். செலோடேப் ஒட்டவே வேண்டாம். பசை மஞ்சளாகி எழுத்தை விழுங்கிவிடும். லேமினேஷன் செய்தால் மீளவே வழியில்லை. அமிலமற்ற உறைகளில் படுக்கையாக வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம்: பென்சில் குறிப்புகளை அழிக்காதீர்கள். கார்டு பந்தயத்துக்கு முன்னரே அச்சானது. முடிவையும் டோட் (கட்டிய பணத்தைத் திரட்டி ஜெயித்தவர்களுக்குப் பங்கிடும் முறை) கொடுத்த தொகையையும் ஓரத்தில் எழுதியவர் கூட்டத்தில் நின்ற ஒருவர்தான். ஒரு கார்டில் நாலாம் எண் நாயின் பெயரைக் கோடிட்டு அடித்துவிட்டு, ஓரத்தில் 'முதல் வளைவில் மோதல்' என்று எழுதியிருக்கிறது. நாய் ஏன் தோற்றது என்பதற்கு நம்மிடம் இருக்கும் சான்று அந்த ஒரு வரிதான்.

வரும் ஆண்டில், திடலில் வேலை பார்த்த நாய்க்கூடப் பணியாளர்கள், டோட் சன்னல் ஊழியர்கள், மணல் தளத்தைப் பராமரித்தவர்கள் ஆகியோரின் வாய்மொழியை அவர்கள் சம்மதத்துடன் பதிவுசெய்யச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அவர்களில் பலருக்கும் வயதாகிவிட்டதால் இதைத் தள்ளிப்போட முடியாது. உறைகளுக்கும் ஸ்கேனர் பழுதுபார்ப்புக்கும் ஆன செலவைப் பொருளாளர் தம் அறிக்கையில் தருவார். கார்டுகளையும் படங்களையும் நம்பித் தந்த குடும்பத்தார் அனைவருக்கும் கழகத்தின் சார்பில் நன்றி கூறி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்