பனிமலைப் படம் போட்ட பெல்ட் டோம்லூர் மேம்பாலத்தில் அறுந்தது பற்றிய புகார்

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஸ்கூட்டர் ட்ரைவ் பெல்ட் அறுந்தது, வாரண்டி மறுக்கப்பட்டது, பெட்டியில் தயாரிப்பு மாதம் மறைக்கப்பட்டிருப்பது – தொடர்பாக.

ஐயா / அம்மா,

உங்கள் புகார்ப் பக்கத்தில் தமிழிலும் எழுதலாம் என்று போட்டிருக்கிறீர்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். முன்னால் ஆங்கிலத்தில் அனுப்பியதற்கு ஒரு வரிப் பதில் வந்தது: தவறாகப் பொருத்தியதால் ஏற்பட்ட சேதம், வாரண்டி கிடையாது. அறுந்த பெல்ட்டை உங்கள் ஆட்கள் யாரும் கேட்டு வாங்கவில்லை, படம்கூடக் கேட்கவில்லை. பார்க்காமலேயே காரணம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

நான் பெங்களூர் அல்சூரில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். வண்டி 110 சிசி ஸ்கூட்டர். கால் வைக்கும் இடத்தில் ஒரு கிரேட், பின் சீட்டில் ஒரு கிரேட், அல்சூரிலிருந்து இந்திராநகர், டோம்லூர், ஈஜிபுரா வரை லைன். பழைய பெல்ட் அதன் கிலோமீட்டரை முழுசாக ஓடி முடித்தது. மாற்றும் நேரத்தில் ஜோகுபாளையாவில் இருக்கும் எங்கள் மெக்கானிக் மூன்று வழி சொன்னார். வண்டிக் கம்பெனியின் ஜென்யூன் பெல்ட், பேர் தெரிந்த வெளிக் கம்பெனி பெல்ட், அப்புறம் ஜே.சி. ரோட்டில் கொத்தாகத் தொங்கும் பேரில்லாத பெல்ட். நடுவில் இருப்பதுதான் கைக்கு அடக்கம் என்று உங்களுடையதை ஆன்லைனில் எடுத்தேன். ஒன்று மாட்ட, ஒன்று கையிருப்புக்கு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 'குறைந்த விலைக்கு வாங்கினால் இப்படித்தான்' என்று உங்கள் ஹெல்ப்லைன் பெண் பேச்சுவாக்கில் சொன்னார். விலை குறைவு என்பது என் புகாரே இல்லை. குறைந்த விலையில் உழைக்கிற பெல்ட்டும் இருக்கிறது, உழைக்காததும் இருக்கிறது. எது எது என்று பார்த்து எடுக்கத் தேவையான விவரம் எதுவும் உங்கள் பெட்டியில் இல்லை. இருந்ததையும் மறைத்திருக்கிறீர்கள். புகார் அதுதான்.

பெட்டியின் மேல் பனியைக் கிழித்துக்கொண்டு பாயும் ஸ்னோமொபைல் படம். 'அதே தொழில்நுட்பம், இப்போது உங்கள் ஸ்கூட்டரில்' என்று எழுத்து. இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான், அதை மறுக்கவில்லை. கியருக்குப் பதில் முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவில் ரப்பர் பெல்ட். வேகம் கூடும்போது முன் புல்லி நெருங்கிப் பெல்ட்டை விளிம்புக்கு ஏற்றும், பின் புல்லி விரிந்து உள்ளே இறக்கிக்கொள்ளும். அதோடு ஒற்றுமை தீர்ந்தது. ஸ்னோமொபைல் பெல்ட் சுமார் 35 மில்லிமீட்டர் அகலம், என் வண்டியினுடையது ஏறக்குறைய அதில் பாதி. அங்கே நூறு குதிரைத்திறனைத் தாண்டும் என்ஜின்கள் சாதாரணம், இங்கே எட்டையே எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

என் அக்கா மகன் கனடாவில் ஒன்டாரியோவின் வடபக்கம் வேலை பார்க்கிறான். குளிர்காலத்தில் அந்த வண்டி ஓட்டுகிறவன். பெட்டியைப் படமெடுத்து அனுப்பினேன். சிரித்துவிட்டு, அங்கே பெல்ட் வாங்குகிற விதத்தைச் சொன்னான். அங்கேயும் வண்டிக் கம்பெனி பெல்ட் விலை கடிக்கும். அதனால் கேட்ஸ், டேகோ, அல்டிமேக்ஸ் என்று வெளிக் கம்பெனி பெல்ட்டுகளைப் பலர் போடுகிறார்கள். ஆனால் யாரும் படத்தைப் பார்த்து வாங்குவதில்லை. வண்டியின் மாடலைச் சொன்னால் கேட்டலாகில் பெல்ட் எண் வரும், சுற்றளவும் மேல் அகலமும் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். உள்ளே இழுவைக்கு இருப்பது பாலியெஸ்டர் நூலா, அராமிட் நூலா என்று கேட்பார்கள். அராமிட் நீளாது, சூடு தாங்கும், விலை கூட. புது பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, புல்லியின் முகத்தைத் துடைத்து, முதல் ஐம்பது கிலோமீட்டர் வாக்கில் த்ராட்டிலை முழுசாகத் திறக்காமல் ஓட்டுவார்களாம். அகலம் புதியதைவிட 3 மில்லிமீட்டர் போல் குறைந்துவிட்டால் கழற்றிவிடுவார்களாம்.

இன்னொன்றும் சொன்னான். அந்த வண்டிக்காரர்கள் பானெட்டுக்கு அடியில் உபரி பெல்ட் ஒன்றை எப்போதும் வைத்திருப்பார்கள், ஏனென்றால் அவ்வளவு குளிரிலும் பெல்ட் சூடேறி அறுவது உண்டு. அறுந்தால் கவரைத் திறந்து, பின் புல்லியை விரித்து, நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்ளலாம். ஸ்கூட்டரில் அது நடக்குமா? பக்கவாட்டுக் கவரின் போல்ட்டெல்லாம் கழற்றி, வேரியேட்டர் என்கிற முன் புல்லியின் நட்டுக்கு ஏர் கன் பிடித்தால்தான் பெல்ட் வெளியே வரும். நடுரோட்டில் அறுந்தால் தள்ள வேண்டியதுதான். உபரி பெல்ட் டிக்கியில் இருந்தாலும் பிரயோசனம் இல்லை. ஸ்னோமொபைலைக் காட்டி விற்கிற நீங்கள் இந்த வித்தியாசத்தையும் யோசித்திருக்கலாம்.

தள்ளத்தான் செய்தேன். டோம்லூர் மேம்பாலம் ஏறும்போது 'டப்' என்று சத்தம், என்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் கச்சேரி. ஓரம் கட்டி, கிரேட்டை இறக்கி, ஆட்டோ பிடித்து மாவை அனுப்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது. பாக்கெட்டெல்லாம் உப்பி, சிலது வாய் விட்டுவிட்டது. அந்த லோடைக் கடைக்காரர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. புளித்த மாவை வாங்குவதற்கு அவர்களுக்கு என்ன தலையெழுத்து.

பெட்டியில் '20,000 கி.மீ. உறுதி' என்று இருக்கிறது. அதில் கால்வாசிகூட ஓடவில்லை.

இப்போது உங்கள் 'தவறாகப் பொருத்தியதால்' என்பதற்கு வருகிறேன். மெக்கானிக் கவரைத் திறந்தபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெல்ட் பொருத்தும்போதே வேரியேட்டர் ரோலர் புதிது போட்டோம், புல்லி இரண்டையும் துடைத்தோம், அம்புக்குறி ஓடும் திசையில்தான் இருக்கிறது. கோணலாக ஓடியிருந்தால் பெல்ட்டின் ஒரு ஓரம் மட்டும் பிசிறடித்துப் போயிருக்கும், அப்படி இல்லை. எண்ணெய் பட்டிருந்தால் ரப்பர் ஊறிக் கொழகொழத்திருக்கும், இல்லை. வழுக்கிச் சூடேறியிருந்தால் பக்கச் சுவர் கண்ணாடி போல் பளபளத்திருக்கும்; அதுவும் இல்லை. வெர்னியர் வைத்து அளந்தார், பிறகு பிரித்த உங்கள் இன்னொரு புது பெல்ட்டுக்கும் இதற்கும் அகலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தேயவே இல்லை.

பின் என்ன ஆயிற்று? உள்பக்கப் பற்கள் வரிசையாகப் பிய்ந்து கவருக்குள் உதிர்ந்து கிடந்தன. நூல்கள் பின் புல்லியின் அச்சில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு நூலை இழுத்துக் காட்டினார். துளி ரப்பர்கூட அதில் ஒட்டியிருக்கவில்லை, நூல்கண்டிலிருந்து எடுத்த மாதிரி சுத்தமாக வந்தது. நல்ல பெல்ட்டில் நூலும் ரப்பரும் ஒன்றையொன்று விடாது, கிழித்தாலும் ரப்பரோடுதான் வரும் என்றார். மாட்டியவர் கையில் வரும் கோளாறு இல்லை இது. ஒன்று செய்யும்போது ஒட்டவில்லை, இல்லை குடோனில் கிடந்து காய்ந்திருக்கிறது.

அதனால் பிரிக்காத இரண்டாவது பெட்டியைப் பிரித்தோம். வண்டி பக்கமே போகாத பெல்ட். பின்பக்கமாக லேசாக வளைத்ததும் பற்களுக்கு நடுவே பள்ளத்தில் மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தன. பெட்டியில் தயாரித்த மாதம், வருடம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று, அதில் விலை மட்டும். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் இருந்த எழுத்தை யாரோ சுரண்டியிருக்கிறார்கள். பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி தயாரித்த மாதமும் வருடமும் தெரியும்படி இருக்க வேண்டும். அதை ஏன் சுரண்ட வேண்டும்? இதற்கு மட்டுமாவது நேரான பதில் வேண்டும்.

ஹெல்ப்லைனில் கடைசியாக இன்னொரு காரணமும் கண்டுபிடித்தார்கள். மாவு ஏற்றுவது வணிகப் பயன்பாடாம், அதற்கு வாரண்டி இல்லையாம். பெட்டியிலும் இல்லை, உங்கள் விற்பனைப் பக்கத்திலும் இல்லை இந்த நிபந்தனை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவரையும் நுகர்வோராகத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நான் பெல்ட்டை வாங்கி விற்கவில்லை, என் வண்டியில் மாட்டி ஓட்டினேன்.

எனக்கு வேண்டியது: இரண்டு பெல்ட்டின் விலை, மாட்டுக்கூலி, கெட்டுப்போன லோடின் விலை. பில்கள் இணைத்திருக்கிறேன். அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்ப வேண்டாம், அடுத்த ஆர்டர் கிடையாது. அதே சமயத்தில் வந்த மற்ற பெட்டிகளையும் எடுத்துப் பாருங்கள். உணவு டெலிவரிப் பையன்கள் நிறையப் பேர் உங்கள் பெல்ட்டைத்தான் போடுகிறார்கள், அவர்களுக்கு அறுவது மேம்பாலத்தில் மட்டும்தான் என்று சொல்ல முடியாது. பெட்டியில் பனிமலைக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியை எடுத்துச் சுற்றளவு, அகலம், நூல் வகை, எந்த அளவுக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்று அச்சடித்தால் போதும். படம் அச்சடிக்கும் அதே மை தானே.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இந்தப் புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்குள் நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இந்தத் தொகைக்கு அங்கே கட்டணமும் இல்லை.

அறுந்த பெல்ட், உதிர்ந்த பற்கள், ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி மூன்றும் மெக்கானிக் கடையில் இருக்கின்றன. கூரியரில் அனுப்பச் சொன்னால் அனுப்ப மாட்டேன், உங்கள் ஆள் வந்து பார்க்கட்டும். மதியம் இரண்டு மணிக்கு மேல் என்றால் நானும் இருப்பேன். அதற்கு முன்னால் லைனில் இருப்பேன், ஜென்யூன் பெல்ட் போட்டாயிற்று.

இப்படிக்கு,
அல்சூர் வாடிக்கையாளர், பெங்களூர்

இணைப்பு: ஆர்டர் ரசீது, மாட்டுக்கூலி பில், பெல்ட் மற்றும் பெட்டியின் படங்கள்.